கண் மூடித் திறக்குமுன் ஏறிய பாட்டு

கற்பகத்தம்மாள் சாயா டம்ளரைத் தொடவில்லை. இறந்துபோன கணவரின் பழைய போனை மேஜைமேல் வைத்தார்.

"மோளே, இவரு பாட்டு இதுல மட்டுந்தான் இருக்கு. போனும் இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. உங்க பெட்டகத்துல போட்டேன். ஒரு கல்யாண வீடியோ ஏறுறதுக்குள்ள சோறு வெந்துடும். இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஏறியாச்சுங்குது. நெசமா ஏறுச்சா, இல்ல பாட்டு போயிடுச்சா?"

மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் பொதுப் பெட்டகம் அது. படங்களையும் குரல்களையும் பூட்டி, துண்டு துண்டாக்கி, பல வீட்டுக் கணினிகளில் பிரித்து வைக்கும். அதை வடிவமைத்த சுபாஷிணிக்குப் பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் அலுவலகம். அவர் எதற்கும் பதற மாட்டார். பதற்றமெல்லாம் உதவியாளர் வெங்கிடேஸ்வரனின் இலாகா.

சுபாஷிணி பெட்டகத்திலிருந்து பாட்டை இறக்கி ஒலிக்கவிட்டார். கற்பகத்தின் கணவர் பாண்டித்துரையின் கரகரத்த குரலில் ஒரு படகுப் பாட்டு. பின்னால் படகின் ஊதல், சுமைக்காரர்களின் சத்தம். ஒரு காலத்தில் பஜார் முழுக்கக் கேட்ட குரல் அது. அந்த நாட்களெல்லாம் சுக்கு வாசனையோடு அறைக்குள் வந்துவிட்டன.

"பத்திரமா இருக்கு," என்றார் சுபாஷிணி. "ஆனா நீங்க போடறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. ஒரே கோப்பு ரெண்டு பேர்கிட்டேருந்து வந்தா, இடம் மிச்சமாகட்டும்னு பெட்டகம் ஒண்ணைத்தான் வைக்கும். அதனால ஏத்தற வேலையே இல்லை."

"திருட்டு!" வெங்கிடேஸ்வரன் எழுந்தே விட்டார். "யாருன்னு பாத்துடலாம் மேடம்."

"முடியாது. எது யாரோடதுன்னு எனக்கே தெரியக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

"அவரே போட்டிருந்தா?"

"பெட்டகம் தொடங்கினதே அவர் போன பிறகு."

"பக்கத்துல நின்னு வேற யாராவது பதிஞ்சிருந்தா?"

"பாட்டு ஒண்ணா இருக்கும், கோப்பு வேறயா இருக்கும். இது இந்தப் போன்லேருந்தே போன நகல். போனை யார் திறந்தாங்க, அம்மா?"

"ஒருத்தரும் இல்ல. பூட்டு நம்பர் எனக்கே போன வாரந்தான் பிடிபட்டுச்சு." கற்பகம் தயங்கினார். "எம் மக வசந்தி பொறந்த வருஷம்."

சுபாஷிணி போனைப் புரட்டிப் பார்த்தார். "அப்போ அனுப்பினது அவரேதான். அனுப்பின தடத்தை அழிச்சிருக்கார். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னா சுமைக்காரங்க நடுவுல நின்னு பாடியிருக்க மாட்டார். உங்களுக்கு மட்டும்தான் மறைச்சிருக்கார். இந்தப் பாட்டு யாருக்காக?"

"வசந்தியத் தோள்ல வெச்சுக்கிட்டுப் படகுத்துறைக்குப் போறப்போ பாடுவாரு." கற்பகம் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வேற சாதியில கட்டிக்கிட்டான்னு, அவ பேச்சையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னேன். அவரில்ல, நாந்தான் சொன்னேன். அவரு சாவுக்கும் சொல்லி அனுப்பல."

"அவர் அனுப்பினதை வசந்தி வெச்சிருக்காங்க அம்மா. தொலையக் கூடாதுன்னு பெட்டகத்திலயும் போட்டிருக்காங்க."

வெங்கிடேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏற்கெனவே இருக்குன்னு காட்டிக்குடுக்கற இந்த ஓட்டையை அடைக்கவே வேண்டாம் மேடம்."

"அடைக்கணும் சார். நாளைக்கு ஒருத்தன் அடுத்தவங்க ரகசியத்தோட நகலைப் போட்டுப் பாத்து, இங்கே இருக்குன்னு கண்டுபிடிப்பான். ஆளுக்கொரு பூட்டுப் போட்டுத் தனித்தனியா வெச்சா இடம் கூடுதலா வேணும். வேணும்னா வாங்கிக்கலாம்."

கற்பகம் எழுந்து செருப்பை மாட்டினார்.

"மக நம்பர் தேடித் தரட்டுமா?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"எதுக்கு? வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான் வீடு. எத்தனையோ தடவ கேட் வரைக்கும் போயித் திரும்பியிருக்கேன்," என்றார் கற்பகம். "இன்னிக்கு உள்ள போறேன்."