ஏணியைப் பிடித்தவர்

“அந்த ஆளைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து நிக்கச் சொல்லேன்,” என்றான் அவள் கணவன், மேடையில் நின்ற உயரமான ஏணியின் உச்சியிலிருந்து.

கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால், லைட் போர்டின் முன் உட்கார்ந்திருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் யாரும் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிற மதியம். சன்னலே இல்லாத அரங்கத்துக்குள் பழைய திரைச்சீலையின் புழுக்க வாசனையும், சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் நெடியும், அவர்கள் இரண்டு பேரும்தான். நாடகத்துக்கு முன் விளக்குகளைத் திருப்பி வைக்கும்போது, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று பார்க்க ஒருவர் மேடையில் நிற்பது வழக்கம். இன்று நிற்க ஆள் கிடைக்கவில்லை. காலையில் அதை அவனிடம் சொன்னவளே அவள்தான்.

“எந்த ஆளுங்க?”

“கண்ணு தெரியலையா? மேலேர்ந்து பார்த்தா தலை நல்லாத் தெரியுது. மாப்பிள்ளை முறுக்குல நிக்கிறாரு, சொன்னா அசைய மாட்டேங்கிறாரு. சரி, விடு. அடுத்தது.”

அவன் அடுத்தது என்றால், அவள் போர்டில் ஒரு ஃபேடரைக் கீழே இழுத்து அந்த விளக்கை அணைப்பாள். பக்கத்து ஃபேடரை மேலே தள்ளி அடுத்ததை ஏற்றுவாள். இடையில் கண் இமைக்கும் நேரம் இருட்டு.

விளக்கு ஏறியபோது மேடைத் தரையில் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. தலை, தோள், தொங்கும் இரு கைகள். நிழல் தொடங்கும் இடத்தில் கால்கள் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள்.

“அடுத்தது.”

இருட்டு. வெளிச்சம். நிழல் ஏணிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

கத்தினால் அவன் சட்டென்று திரும்புவான், கால் தவறுவான். அந்த உயரத்திலிருந்து விழுந்தவன் எழுந்து நடக்கப் போவதில்லை.

“என்னங்க, டீ குடிச்சுட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். மெதுவா இறங்கி வாங்க.” குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“நடிக்கிறவங்க வர்ற நேரம்மா. இன்னும் கொஞ்சந்தான். அடுத்தது.”

அவள் எரிகிற விளக்கை அணைக்கவில்லை. கை வரவில்லை.

“தூங்கிட்டியா?” சிரித்தான். “யாரோ ஏணியைப் பிடிச்சிருக்காங்க போல. ஆட்டமே நின்னுபோச்சு. புண்ணியவான், நல்லா இருக்கட்டும்.”

நிழலின் கைகள் இப்போது தொங்கவில்லை. ஏணியின் நிழலைப் பற்றியிருந்தன.

இருட்டில்தான் அது நகர்கிறது. அப்படியானால் இருட்டே வேண்டாம். இரண்டு கைகளாலும் எல்லா ஃபேடர்களையும் ஒரே தள்ளாக மேலே தள்ளினாள். அந்தப் பழைய வயரிங் அதைத் தாங்காது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் அவள். பயம் அதை மறக்கடித்தது. மேடை வெள்ளையாய் எரிந்தது. அவள் ஓடுவதற்கு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மெயின் சுவிட்ச் டப்பென்று விழுந்தது.

கும்மிருட்டு.

“ஏம்மா.” அவன் குரலில் சிரிப்பு இல்லை. “என் காலைப் பிடிக்கிறது யாரு?”

ஃபேடர்களை இறக்காமல் சுவிட்சைத் தூக்கினால் மறுபடி விழும். இறக்கினாள். விரல் வழுக்கியது. வியர்வை. கடவுளே, அவரை விட்டுடு. ஒன்றை மட்டும் மேலே விட்டாள். சுவரைத் தடவினாள். எங்கே? எங்கே? கிடைத்தது. தூக்கினாள்.

மேடையின் பின்விளக்கு மட்டும் எரிந்தது.

ஏணி நின்றது. மேலே யாரும் இல்லை. கீழே யாரும் விழுந்து கிடக்கவும் இல்லை.

தரையில் இரண்டு நிழல்கள். ஒன்று அவன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சாய்ந்த தோள் தெரியாதா? மற்றது அவன் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டியிருந்தது. வெளிச்சம் இருப்பதால் காத்திருந்தது.

விளக்கு மினுங்கியது. மங்கியது.

போர்டுக்குப் பாய்ந்து ஃபேடரை அழுத்தினாள். மேலே. இன்னும் மேலே. நகம் பிய்ந்தது. அதற்கு மேல் தள்ள இடமில்லை.

மேடை விளிம்பைத் தாண்டி, காலி நாற்காலிகளின் மேல் வரிசை வரிசையாக நீண்டு, அவன் நிழலின் கை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. விளக்கு மங்க மங்க, அதன் விரல்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.