வலை யாருடையது?

“கையை எடுய்யா! எடுங்கறேன்ல!”

லியூச்சியூ தீவின் பவழப் பாறைகள் மேல் மழை தூறிக்கொண்டிருந்தது. சுற்றுலா வருபவர்களைக் கடலுக்குள் அழைத்துப் போய்க் காட்டுவது பெய்ஷானின் வேலை. ஆமைகளைத் தொடக்கூடாது என்று தொண்டை வறளச் சொன்ன பிறகுதான் யாரையும் தண்ணீரில் இறக்குவாள். அப்படியிருக்க, எவனோ ஒருவன் ஓர் ஆமையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு...

அவன் நீச்சலுடையின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆமை உதறிக்கொண்டு ஆழத்தில் மறைந்தது. கரைக்கு வந்தும் அவள் விடவில்லை.

“படம் எடுத்துப் போடணும்னா உங்க வீட்டுப் பூனையைக் கட்டிப் புடிங்க! வர்றவங்க குடுக்கற கட்டணத்துலதான் இந்தக் கடலைக் காவல் காக்கறோம். உங்களை மாதிரி ஆளுங்க வந்து நாசம் பண்றதுக்கா?”

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கடலைக் காவல் காக்கும் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் அவன் முகத்தைப் படம் பிடித்து, இவனுக்கு இனி இங்கே இடமில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கிளம்பினார்கள்.

நனைந்த இமைகளுக்குக் கீழே அவன் கண்கள்... கோபப்பட வேண்டிய கண்கள், அவளுக்காக வருத்தப்பட்டன. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“திட்டி முடிச்சாச்சா?” என்றான் மெதுவாக. “ஆமையோட முன்துடுப்புல வலை சுத்தியிருந்துச்சுங்க. அறுத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி... அதுக்குள்ள என் கழுத்தைப் புடிச்சிட்டீங்க.”

விரித்த உள்ளங்கையில் நைலான் கிழித்த காயத்திலிருந்து ரத்தம். மறு கையில் அறுந்த வலைத் துண்டு. அதில் தொங்கிய மிதவையில் பச்சைச் சாயத்தில் இரண்டு கோடுகள்.

பெய்ஷான் அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தாள். அது அவள் அப்பாவின் படகு அடையாளம். வலை வீசக்கூடாத எல்லைக்குள்...

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று மிதவையைத் தன் இடுப்புப் பைக்குள் திணித்தான். “யாரோட வலையோ... எனக்குத் தெரியாது.”

பொய்! இப்போதுதான் அவளுக்கு ஆள் யாரென்று பிடிபட்டது. அக்கரையில் இருக்கும் துங்காங் துறையிலிருந்து தினமும் வரும் பயணக் கப்பலில் கயிறு வீசுகிற யூசெங். தீவின் ஒவ்வொரு படகும் அவனுக்கு அத்துப்படி. மன்னிப்பு அவள் நாக்கு நுனி வரை வந்தது... வெளியே வரவில்லை.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாறைகிட்ட வலை போட்டீங்களாப்பா?”

“போட்டேன். அதுக்கென்ன இப்ப?”

“ஆமை அதுல மாட்டிக்கிட்டு அல்லாடுதுப்பா! நான் காவலுக்குத் தலைவி. ஊர் என்னைக் காறித் துப்பாதா?”

அப்பா கிண்ணத்தை டொக்கென்று வைத்தார். “ஊராம் ஊரு! கடலைக் காட்டிச் சம்பாதிக்கறீங்க. நீந்தக் கூட்டிட்டுப் போறவளுக்குப் பங்கு, விடுதிக்காரனுக்குப் பங்கு. எங்களுக்கு மட்டும் இங்க போடாதே, அங்க போடாதேன்னு விரட்டு. தூரமாப் போக என் படகுக்குத் தெம்பு இருக்கா? கரையில உக்காந்து காத்தையா தின்னச் சொல்ற?”

அப்பா செய்தது தப்பு. ஆனால் அவர் சொன்னது உண்மை. இரண்டும் சேர்ந்து சுட்டன.

மறுநாள் சங்கத்துப் பெண்கள் கூடியிருக்கையில் பலகையிலிருந்த படத்தைக் கிழித்தெடுத்தாள்.

“இவர் ஆமையைக் காப்பாத்த வந்தவர். வலை எங்கப்பாவோடது.”

“நல்லா இருக்கே! உங்க வீட்டுத் திருட்டுக்கு நாங்க காவலா?” என்று சங்கத்தில் மூத்தவளான யாலான் அக்கா சீறினாள்.

“தலைவி பதவி எனக்கு வேண்டாங்கக்கா. ஆனா மீனவங்களைப் பட்டினி போட்டுட்டு நம்மால கடலைக் காப்பாத்த முடியாது. சுத்திப் பாக்க வர்றவங்களை அவங்க படகுல கூட்டிட்டுப் போவோம். பழைய வலைகளை அவங்களே இழுத்துட்டு வரட்டும், அதுக்கும் கூலி குடுப்போம்.”

கத்தல், கூச்சல், அழுகை... கடைசியில் யாலான் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். “பதவியை நீ விட்டுடு. படகு விஷயத்தை ஒரு பருவத்துக்குப் பண்ணிப் பாக்கலாம்.”

அங்கிருந்து நேராகத் தீவின் படகுத்துறைக்குப் போனாள். யூசெங் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

“எதுக்கு மறைச்சீங்க? நான் கேட்டேனா?”

“அத்தனை பேர் நடுவுல உங்க முகம் அப்படியே வெளுத்துடுச்சு... மனசு வரல.”

“என்னைத் திருப்பித் திட்டியிருக்கணும்! ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?”

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்! அந்த ஆமையைத் தேடணும். வர்றீங்களா, இல்லியா?”

அப்பாதான் படகை ஓட்டினார். வழியெல்லாம் முணுமுணுப்பு. ஆனால் மகள் பதவியை விட்டது அவருக்கு உள்ளே தைத்திருந்தது. பாறை இடுக்கில் மிச்சமிருந்த வலையை யாரும் சொல்லாமலே இழுத்துச் சுருட்டிப் போட்டார்.

மாலை சாயும் நேரத்தில் அந்த ஆமை, துடுப்பில் மிஞ்சிய நூலோடு, மூச்சுவிட மேலே வந்தது. பெய்ஷான் குதித்து ஆமையின் ஓட்டைப் பிடித்துக்கொள்ள, யூசெங் நூலை அறுத்தான். விரலும் விரலும் உரசின... துடுப்பு ஒரு முறை விரிந்தது. ஆமை போய்விட்டது.

படகு துறையை நெருங்கும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒண்ணு சொல்லணும். லீவு நாள்லயும் நான் இந்தத் தீவுக்கு வர்றது ஆமையைப் பாக்க இல்ல... உங்களைப் பாக்க. போன மழைக்காலத்துலேருந்தே.”

“என்னது? எஞ்சின் சத்தத்துல கேக்கல!”

“உங்களைப் புடிச்சிருக்குன்னு சொன்னேன்!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இத்தனை மாசம் வாயில என்ன, கொழுக்கட்டையா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு திட்டியிருப்பேனா?” எஞ்சினை மீறிக் கத்தினாள். “எனக்கும்தான் உங்களைப் புடிச்சிருக்கு!”

அந்த நொடி பார்த்து அப்பா எஞ்சினை அணைத்திருந்தார். அவள் சொன்னது துறையில் நின்றவர்கள் வரை கேட்டது. யாலான் அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்பா இருமினார்.

பெய்ஷான் காது வரை சிவந்தாள். ஆனால் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.