அடி ஏடு

தியான்ஜின் துறைமுகத்திலிருந்து திரும்பிய தெஷெங்மேல் ரயில் கரியின் வாசனை இல்லை. காட்டு மிளகு போட்டுக் காய்ச்சிய கோதுமைப் பசையின் வாசனை அடித்தது. அது அவன் மனைவி ருவோலானின் வேலையறை வாசனை. வந்ததிலிருந்து அந்த அறைக்குள் அவன் காலே வைக்கவில்லை.

சக்கரவர்த்தி அரியணையை விட்டு இறங்கிய பிறகு பெய்ஜிங்கின் பெரிய வீடுகள் சுவரில் தொங்கிய மை ஓவியங்களை விற்றுத்தான் அடுப்பு மூட்டின. வெள்ளைக்காரர்கள் முண்டியடித்து வாங்கினார்கள். இத்தனை பேருக்குச் சரக்குக்கு எங்கே போவது? ருவோலானின் விரலில் வழி இருந்தது. ஓவியத்தாள் மூன்று மெல்லிய ஏடுகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. மை அடிவரை ஊறியிருக்கும். நனைத்து, மூலையை நகத்தால் நிமிண்டி உரித்தால் ஒன்று மூன்றாகும். மேல் ஏடு அமெரிக்காவுக்கு, நடு ஏடு லண்டனுக்கு. அடி ஏட்டை அவள் எரித்துவிடுவாள். அது வரைந்துவிட்டுச் செத்தவனுக்குச் சேர வேண்டியது என்பது தொழில் வழக்கம்.

போன வாரம் தெஷெங் அதையும் கேட்டான்.

"செத்தவன் வந்து கேக்கப்போறானா? அதையும் ஒரு தாள்ல ஒட்டிக் குடு!"

அவள் ஒட்டிக் கொடுத்தாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு கப்பல் பார்க்கப் போனவன்தான், இன்று மதியம் திரும்பியிருக்கிறான்.

வெளியே பனி கொட்டியது. கெண்டி முனகியது. முக்காலியில் தேநீர்க் கோப்பையை ஏந்தியபடி அவன் அசையாமல் இருந்தான். எப்போதும் அவன் பாரம் தாங்காமல் கிறீச்சிடும் முக்காலி வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் அவள் விளக்கை வைத்தபோது வெளிச்சம் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு மங்கலாக இந்தப் பக்கம் வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் கெ.

"என்ன தங்கச்சி, புருஷனை அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லல? நேத்து துறைமுகத்துல தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்காம ஓவியம் வாங்குற வெள்ளைக்காரன் பெட்டியோடவே கப்பல் ஏறிட்டாரு."

"அவர் உள்ளதான் இருக்கார்."

"ஆமாமா, நான்கூட சக்கரவர்த்திதான்!" சிரித்துக்கொண்டே போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். அலற வேண்டும் என்று தெரிந்தது. அலறல் வரவில்லை. பயம்கூடச் சரியாக வரவில்லை. இவராவது இருக்கட்டும், இவராவது என்னிடம் மிஞ்சட்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

"ருவோலான், பின்கழுத்துல என்னமோ உறுத்துது. பாரேன்."

பார்த்தாள். கழுத்து மச்சத்துக்கு மேலே, முடி முடியும் இடத்தில் ஒரு மூலை. நகக்கண் அளவு. தூக்கிக்கொண்டிருந்தது.

பசை வைத்து அழுத்திவிடலாம். அழுத்திவிட்டால் இருப்பான். பசைக்கிண்ணத்தை எடுத்து வந்தாள். விரலில் தொட்டாள். மூலையில் வைத்தாள்.

விரல் அழுத்தவில்லை. நிமிண்டியது.

"மெதுவா," என்றான். "கிழிச்சிடாத."

ரத்தம் இல்லை. ஈரம். சில்லென்ற ஈரம். ஏடு ஒரே இழுப்பில் வந்தது, கிழியாமல். கை அதைக் காயப்போடும் பலகைக்குக் கொண்டுபோயிற்று. தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவியது. சுருக்கம் விழவில்லை.

திரும்பினாள். முக்காலியில் இன்னொரு கழுத்து. அதே மச்சம். வெளிறிப்போன மச்சம்.

"முடிஞ்சுதா?"

பலகையிலிருந்தும் கேட்டது. முக்காலியிலிருந்தும் கேட்டது. பலகையில் ஈரக் கண்கள் அவளைப் பார்த்துச் சிமிட்டின.