காகிதத் தலையின் பின்பக்கம்

தலையின் பின்பக்கத்தில் துளை இல்லை.

மார்சியால் அதை மடியில் கவிழ்த்துப் போட்டு மறுபடியும் தடவிப் பார்த்தான். காகிதக் கூழில் செய்து, சாயம் பூசி, மேலே பிரெஞ்சுத் தொப்பி மாட்டிய தலை. இடப்புருவத்துக்கு மேலே சுண்டுவிரல் நுழைகிற அளவில் துப்பாக்கிக் குண்டு போட்ட ஓட்டை சுத்தமாக இருந்தது. உள்ளே வெற்றுக்கூடு. போன குண்டு பின்னால் வெளியே வந்தாக வேண்டும். இதற்கு முன் அடிபட்ட ஐந்து தலைகளிலும் வந்திருக்கிறது. குலுக்கிப் பார்த்தான். உள்ளே எதுவும் உருளவில்லை. ஆனால் காலையில் தூக்கியபோது இருந்ததைவிடத் தலை கனத்தது.

"என்னடா, மடியில போட்டுத் தாலாட்டுறே?" என்றார் சார்ஜண்ட் கஸால்.

"பின்னாடி ஓட்டையே இல்ல, சார்ஜண்ட்."

"அதெப்படி? குண்டு உள்ளயே குடித்தனம் பண்ணுதாக்கும்?"

வேலை என்னவோ எளிதுதான். பதுங்குகுழியின் சுவரில் ஒரு மரச்சட்டம். அதில் கம்பைச் செருகி, கம்பின் நுனியில் இருக்கும் தலையை மண்மூட்டைகளுக்கு மேலே மெல்லத் தூக்கி, கவனமில்லாத காவல்காரன் போல இடமும் வலமும் திருப்ப வேண்டும். எதிரே ஜெர்மானியர் வரிசையில் ஒளிந்திருப்பவன் ஏமாந்து சுடுவான். உடனே தலையைச் சரியவிட வேண்டும். நிதானமாக இறக்கினால் பொம்மையென்று கண்டுபிடித்துவிடுவான். பிறகு முன்துளைக்கும் பின்துளைக்கும் நேராகப் பெரிஸ்கோப்பைப் பிடித்துப் பார்த்தால், அந்தக் கோடு போய் முட்டுகிற இடத்தில் அவன் இருப்பான். மிச்சத்தைப் பீரங்கி பார்த்துக்கொள்ளும். ஆக, துளை இரண்டு வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது.

பதுங்குகுழியின் இந்தத் திருப்பத்தில் ஐந்து நாளில் நான்கு காவல்காரர்கள் செத்திருந்தார்கள். நால்வருக்கும் நெற்றியில். இன்று நான்கு மணிக்கு இங்கே நிற்க வேண்டியவன் மார்சியாலின் தம்பி ஓபேன். இப்போது மணி இரண்டரை.

தலைக்கு முகம் கொடுத்ததும் ஓபேன்தான். பின்வரிசைப் பட்டறையிலிருந்து வந்த சிற்பி மாதிரிக்கு ஓர் ஆள் தேடினான். ஒரு பொட்டலம் புகையிலைக்காக ஓபேன் இரண்டு மணி நேரம் குண்டுப்பெட்டி மேல் அசையாமல் உட்கார்ந்தான். "பாத்தாலே ஒண்ணு வைக்கணும்னு தோணுற மூஞ்சி, சரியான ஆளத்தான் புடிச்சிருக்கான்" என்று கஸால் சொல்ல, படைப்பிரிவே சிரித்தது. மார்சியாலும் சிரித்திருப்பான். நினைவில்லை. ஏழு மாதமாக அவனுக்கு உள்ளே எதுவும் உறைப்பதில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடிப்பான், எலி காலில் ஏறினால் உதறக்கூட மாட்டான். தம்பியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அம்மாவிடம் சொன்ன சொல் மட்டும் மரத்த பல்லுக்கடியில் வலி மாதிரி எங்கோ மிச்சம் இருந்தது.

பத்தடி தள்ளி மண்ணைக் குடைந்த பொந்தில் ஓபேன் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் சாக்குத் திரை தொங்கியது.

"அண்ணே," என்று குரல் வந்தது. "கல்லு கில்லு எறிஞ்சியா?"

"இல்லடா. ஏன்?"

"பின்மண்டைல யாரோ அடிச்ச மாதிரி இருக்கு."

"கெட்ட கனவா இருக்கும். தூங்கு."

"இருக்கறது ஒரே தலை, போதும் விடுடா" என்றார் கஸால்.

"இன்னொரு வாட்டி தூக்குவோம் சார்ஜண்ட். நாலு மணிக்கு நிக்கப்போறது என் தம்பி."

தூக்கினான். மழை நின்றபின் மெல்லிய மூடுபனி, நனைந்த சாக்கின் நாற்றம், சுண்ணாம்புத் தூளின் நெடி, அதற்கெல்லாம் அடியில் நான்கு காவல்காரர்கள் சேற்றில் விட்டுப்போன ஏதோ ஒரு வாடை. கம்பை இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம். சவுக்கு வீசியது போல் துப்பாக்கிச் சத்தம். தலை அவன் கைக்குள் சரிந்தது.

நெற்றியில் இரண்டாவது ஓட்டை. பின்னால் வழவழவென்று சாயம்.

"ஓபேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து முனகல் வந்தது. 

தூக்கத்தில் முனகுகிறான் என்று மார்சியால் நினைத்துக்கொண்டான். கன்னத்தைத் தொட்டான். காகிதக் கன்னம். அது வெதுவெதுப்பாக இருந்தது. தன் கைதான் சில்லிட்டிருக்கிறது போலும் என்று எண்ணி, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது முறை தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கம்பு வளைந்தது. அவன் திருப்புவதற்கு முன்பே தலை திரும்பியது. சவுக்குச் சத்தம். சரிவு. மூன்றாவது ஓட்டை. பின்னால் ஒன்றுமில்லை.

"ஓபேன்!"

சாக்குத் திரை அசையவில்லை.

"கடைசியா ஒரே ஒரு தடவ," என்றான் மார்சியால். "நீங்களே தூக்குங்க சார்ஜண்ட், உங்க கால்ல வேணா விழுறேன். நான் அவன எழுப்பிட்டு வந்துடறேன்."

"பெரிய ரோதனைடா உன்னோட." கஸால் அலுத்துக்கொண்டே கம்பை வாங்கினார்.

மார்சியால் திரையை விலக்கினான். ஓபேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. நெற்றி சுத்தம். கண் திறந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது மார்சியாலுக்கு. ஏழு மாதத்தில் முதல் முறையாக உள்ளே ஏதோ ஒன்று உறைத்தது. "எந்திரிடா" என்று பிடரியில் கை கொடுத்துத் தூக்கினான்.

விரல்கள் உள்ளே போயின.

மூன்று துளைகள். ஒவ்வொன்றிலும் பெருவிரல் நுழையும். சூடாக இருந்தன. பின்னாலிருந்த மண்சுவரில் மூன்று குண்டுகள் பதிந்திருந்தன.

வெளியே சட்டத்தில் கம்பு உரசியது.

"தூக்கறேன்டா!" என்றார் கஸால்.

மார்சியால் கத்த வாயைத் திறப்பதற்குள்  அவன் கையிலிருந்த தம்பியின் தலை தானாக எழும்பியது. மோவாய் நிமிர்ந்தது. ஓபேனின் செத்த கண்கள் மெல்ல இடப்பக்கம் போயின. பிறகு வலப்பக்கம்.

மார்சியால் தன் உள்ளங்கையை அந்தப் பின்மண்டையில் வைத்து, துளைகளை அழுத்தி மூடிக்கொண்டான்.