சாம்பல் கட்டத்தில் இருப்பவர்

பத்துச் சீட்டு போட்ட கட்டுக்குள் ஒன்பதுதான் இருந்தது.

அவன் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினான். ஒன்பதேதான். மேசையில் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது, மத்தியான வெயில் திரைச்சீலை வழியாகப் பழுத்த மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் மகள் தரையில் கலர் பென்சில்களை உருட்டி விளையாடும் கடகடச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

கணினியில் ஒரு சீட்டு விளையாட்டை அவன் 'உருவாக்கி'க்கொண்டிருந்தான். உண்மையில் ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றை வாங்கியிருந்தான். எதிரி, சண்டை, விதி எல்லாம் அதிலேயே சமைத்து வைத்திருந்தது, இவன் பரிமாறினால் போதும். அதோடு வந்த ஏழு சீட்டும் வாள், கேடயம், ஈட்டி. இன்னும் மூன்று வேண்டும். ஓவியர் படம் அனுப்பும்வரை இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று வீட்டு ஆட்களின் புகைப்படத்தை ஒட்டிவிட்டான். மனைவிக்குப் பலம் ஐம்பது, இருப்பதிலேயே அதிகம். அதுவும் பயந்து குறைத்துப் போட்டது. மகளுக்கு ஒன்று. மைத்துனனுக்குப் பூஜ்யம். கடைசி எதிரிக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. வெறும் சாம்பல் கட்டமாக விட்டுவிட்டான்.

காலையில் சோதனையைத் தட்டிவிட்டிருந்தான். கணினி தனக்குத்தானே ஆயிரம் ஆட்டம் ஆடும். பலமான சீட்டை எதிரிமேல் முதலில் ஏவும். உதவாத சீட்டைத் தூக்கி எறியும்.

மைத்துனன் சீட்டைக் காணோம்.

சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனான். மூன்று மாதமாக யானை படுத்த பள்ளம்போல் அமுங்கிக் கிடந்த சோஃபா, கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் உப்பலாக இருந்தது.

"உன் தம்பி எங்கே?"

"யார் தம்பி?" மனைவி முழங்கையைத் தடவியபடி நிமிர்ந்தாள். அங்கே புதிதாக ஒரு கன்றல்.

"சோஃபாவைக் குத்தகைக்கு எடுத்தானே, அவன்தான்!"

"வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா உங்களுக்கு? நான் ஒத்தைப் பொண்ணு. எனக்கே காலையிலேர்ந்து கை விண்ணு விண்ணுனு தெறிக்குது, எங்க இடிச்சேன்னே தெரியல. இதுல இவரு வேற."

சுவரில் கல்யாணப் படம். மைத்துனன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்த இடத்தில் இப்போது ஒரு பூந்தொட்டி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சோஃபா காலியானதில் அவனுக்கு நிம்மதி வந்தது.

அடுத்த நொடி நினைவு வந்தது. பூஜ்யத்துக்கு அடுத்தது ஒன்று.

ஓடினான். நிறுத்து பொத்தானை அமுக்கினான். கட்டம் ஒன்று விரிந்தது: 'நடுவில் நிறுத்தினால் கட்டு முழுதும் அழியும். ஒரே ஒரு திருத்தம் செய்யலாம்.' அவனே ஆசையாக இயக்கிய விதி அது. சேமிப்பு கிடையாது, இரக்கம் கிடையாது என்று விளம்பரம்கூட எழுதி வைத்திருந்தான்.

மகளின் சீட்டு ஓரத்தில் மங்கத் தொடங்கியது.

மகளின் பலத்தில் இருந்த ஒன்றை அழித்தான். தொண்ணூற்றொன்பது என்று அடித்தான். சீட்டு மறுபடி பளிச்சென்று நின்றது. அப்பாடா.

பென்சில் சத்தம் நின்றது.

சுட்ட இரும்பு வாசனை.

கூடத்திலிருந்து மனைவியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "என்னங்க, கை வலி பட்டுனு விட்டுடுச்சு!"

அறை வாசற்படியில் மகள் நின்றாள். ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது.

"எங்கடா குட்டி போனே?"

"அவரு கூப்பிட்டாருப்பா."

"எவரு?"

"மூஞ்சி இல்லாதவரு."

கண் சிமிட்டினான். வாசற்படி காலி. மறுபடி சிமிட்டினான். நின்றாள். ஒரு சட்டைக்கை இல்லை.

சிமிட்டல். காலி. சிமிட்டல். முன்பல் இல்லை. ரத்தமும் இல்லை. பல் இருந்த இடத்தில் வழவழவென்று சாம்பல்.

பலத்தைக் குறைக்கத் தட்டினான். எண் அசையவில்லை. திருத்தம் தீர்ந்திருந்தது.

திரையின் மூலையில் சின்ன எழுத்து. ஆயிரம் ஆட்டத்தில் ஏழு.

"அப்பா, நான்தான் ரொம்ப பலசாலின்னு சொல்றாரு. நீ சொன்னியாமே?"

பாதி வாய்தான் அசைந்தது. மறுபாதியில் வாய் இல்லை, கண் இல்லை, காதில்லை.

கவுனைச் சமர்த்தாக நீவிவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

எட்டு.