கம்பளிக்குள் இறங்கிய ஊசி

முதல் ஊசி பியானோவுக்குள் இறங்கியபோது வீட்டுக்காரருக்குத்தான் விரல் நுனியில் சுருக்கென்றது. எறும்பு கடித்திருக்கும் என்று கையை உதறிக்கொண்டார்.

ரிப்பேர்காரர் பியானோவின் முன்பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தார். கட்டையை அமுக்கினால் சின்னச் சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியை அடிக்கும். அதன் தலையில் இறுகிய கம்பளி. அதை ஊசியால் குத்திக் குத்தி இளக்கினால் சத்தமும் இளகும். மத்தியான வெயிலில் தூசியும் பழைய கம்பளி நெடியும் கூடமெங்கும் மிதக்க, அதற்கடியில் மெலிதாக, வீட்டுக்காரரின் மனைவி கைக்குத் தடவுகிற தைல வாசனையும் வந்தது. அவள் போய் வருஷம் ஒன்றாகிறது.

"குத்தக் குத்த இறுகுதே. யாரு சார் வாசிக்கிறது?"

"நான்தான்."

வாய் கூசாமல் சொன்னார். வாசித்தவள் அவள். காது குடையுது, நிறுத்து என்றார், அவள் நிறுத்தவில்லை. பத்து விரலும் கட்டைமேல் இருக்க, மூடியை ஓங்கிச் சாத்தினார். தானா விழுந்துடுச்சு என்று ஊரைக் கூட்டி அழுதார். கை புரையோடி அவள் செத்தபோதும் அதே அழுகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகராசன்.

இப்போது ஆளில்லாமலே பியானோ தானாக வாசிக்கிறது. அந்தச் சத்தத்தையாவது அமுக்கத்தான் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார்.

"அப்ப கையை வைங்க சார். வாசிக்கிறவங்க கைக்குத் தகுந்த மாதிரிதான் இளக்கணும்."

இனி இல்லையென்று சொல்ல முடியுமா? வைத்தார். கட்டைகள் ஐஸாய்ச் சில்லிட்டன.

"ஆங், வழிக்கு வருது."

ஒரு குத்து. சுண்டுவிரல் மரத்தது. இன்னொன்று. மோதிர விரல். வலியில்லை, அதுதான் பயமாக இருந்தது. கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரல்கள் கட்டைமேல் துவண்டு கிடந்தன. உள்ளே எலும்பே இல்லை.

கத்தினார். கம்பளிக்குள் கத்தியதுபோல் அடங்கிப்போனது.

தைல வாசனை காதருகே வந்தது.

நிமிர்ந்திருந்த மூடி அசைந்தது.

அதன் விளிம்பை, நடுவில் ஒடிந்து தொங்கிய பத்து விரல்கள் பிடித்திருந்தன.

"நல்லா இளகிடுச்சு," என்றார் ரிப்பேர்காரர், தலையை வெளியே எடுக்காமலே. "வாசிங்க சார்."