கோவர்த்தனன் அணைத்த தீ

மலையில் எங்குமே புகையில்லை. ஆனால் கருகல் வாடை அடித்தது. நகரி மலைச்சரிவில், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் மூன்று மணிக்கு, ஒரு இலைகூட அசையாத வேளையில், ஈர வைக்கோல் புழுங்குகிற மாதிரி அந்தப் பாழாய்ப்போன வாடை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. கோவர்த்தனன் மூக்கைச் சுளித்து நாலு பக்கமும் பார்த்தான்.

பதினெட்டு வருஷமாக அவனுக்கு இந்த மலையில் தீக்காவல் வேலை. பொறி கண்ட இடத்தில் பச்சைத் தழையோடு பாய்ந்து அடித்து அணைத்துவிடுவான். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் தை மாதப் பனி ஈரத்திலேயே சின்னதாகத் தீ வைத்துச் சருகைக் கழித்துவிடுவார்கள். தழல் முழங்காலுக்கு மேல் எழும்பாது, மரமெல்லாம் பிழைத்துக்கொள்ளும். அதையும் அவன்தான் விரட்டி விரட்டி நிறுத்தினான். என்ன பெருமை அவனுக்கு! இப்போது சருகு முழங்கால் ஆழம் கிடக்கிறது, உண்ணிச்செடி அடைத்துக்கொண்டு மனுஷன் நுழைய வழியில்லை.

பத்து நாளைக்கு முன், தூறல் விழுந்த மறுநாள், இதே சரிவில் ஒரு சிறு தீ. மச்சான் பரணி கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

"உடு மாமா. ஈரத்துல தானா அணைஞ்சிடும். சருகு கொஞ்சமாச்சும் போவட்டும்."

கோவர்த்தனன் கேட்பானா? அடித்து நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

போன் அடித்தது. அவன் பெண்டாட்டி காஞ்சனா. மேலே விளக்குமாற்றுப் புல் அறுக்கக் காலையிலேயே போனவள்.

"மாமா, காலுக்குக் கீழ சுடுது. பாறை மேல ஏறி நின்னுக்கினு கீறேன். எறங்க பயமா கீது."

"அங்கயே நில்லு. நவுராத. தோ வந்துட்டேன்."

ஓடினான். ஒவ்வொரு அடிக்கும் கால் சருகுக்குள் புதைந்தது. பிடுங்கி எடுக்கும்போதெல்லாம் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. அடியில் ஏதோ மென்றுகொண்டிருந்தது. மொறுமொறுவென்று, நிதானமாக. அவன் நின்றால் அதுவும் நின்றது.

பாறை தெரிந்தது. இன்னும் இருபதடி. காஞ்சனா அவனைப் பார்க்கவில்லை. அவன் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால பாரு மாமா."

திரும்பினான். அவன் கால் புதைந்த குழிகள் வரிசையாக. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழை புகை. கீழே கடைசிக் குழியில் தழல் எட்டிப் பார்த்தது. அடுத்ததில். அதற்கடுத்ததில்.

அவன் அணைத்த தீ சாகவே இல்லை. உள்ளே படுத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. காற்றுக்குத்தான் காத்திருந்தது. அவன் கால்தான் அதற்கு வழி திறந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு அடிமரக்கட்டை. அதன்மேல் தாவி நின்றான். இனி ஓரடி வைத்தாலும் அவளிடம் அதைக் கூட்டிப்போவதாகிவிடும். திரும்பவும் வழியில்லை. ஐயோ, இருபதடி! கண்ணெதிரே அவள் அழுதுகொண்டிருக்கிறாள், ஒன்றும் செய்ய முடியவில்லையே.

"நான் வரல காஞ்சனா. நான் வரமாட்டேன். பயப்படாத."

மெல்லும் சத்தம் நின்றது.

அவனுக்கு முன்னால், யாருமே மிதிக்காத சருகில், ஒரு குழி மெதுவாகப் புதைந்தது. பாதம் அளவுக்கு. புகைந்தது.

ஓரடி தள்ளி இன்னொன்று.

பிறகு இன்னொன்று, பாறையைப் பார்த்து.